ஹாய்ட்டின் நாலு தூண்டில்

"நாலு தூண்டில் வச்சுப் பிடிக்கிறவன் மீன் பிடிக்கிறவனே இல்ல. அவன் ஏரியில ஏர் ஓட்டுறான்" என்று வெர்லன் டாக்கெட், அண்ணனின் சவப்பெட்டி மேல் கையை ஊன்றியபடி அறிவித்தார். "மனுஷன் ஒருத்தன், தூண்டில் ஒண்ணு. கடவுள் படைச்ச மீன்பிடிப்பு அவ்வளவுதான். மத்ததெல்லாம் விவசாயம்."

பெட்டிக்குள் படுத்திருந்த ஹாய்ட் வாழ்நாள் முழுக்க அந்த விவசாயத்தைச் செய்தவர். படகின் முன்பக்கத்தில் நாலு தூண்டிலை விசிறிபோல நீட்டிவைத்து, மோட்டாரை ஆமை வேகத்தில் விட்டு, நடு ஏரியில் கிராப்பி மீனைத் தேடித் திரிந்தவர். புதன்கிழமை காலை அப்படித் திரியும்போதுதான் அவர் நெஞ்சு நின்றது. மோட்டார் நிற்கவில்லை. படகு தன்பாட்டுக்குப் போய், கரையோரத் தண்ணீரில் நின்ற சைப்ரஸ் அடிமரங்களில் முட்டி நின்றபோது இரண்டு தூண்டிலில் மீன் மாட்டியிருந்தது.

வெர்லன் அதையும் விட்டுவைக்கவில்லை. "செத்த பிறகும் ரெண்டு பிடிச்சிருக்கான். இதுல இருந்தே தெரியலையா? அந்த வேலைக்கு ஆளே தேவையில்ல."

அஞ்சலி செலுத்த வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த தொப்பிகளை உற்றுப் பார்த்தார்கள். பாஸ்டர் இருமினார். ஹாய்ட்டின் மனைவி நடீன், "வெர்லன், பெட்டி மேல சாயாத" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள், சனிக்கிழமை காலை, நடீன் கராஜில் இருந்த ஃப்ரீசரைத் திறந்தாள். இந்த வசந்தம் முழுக்க ஹாய்ட் பிடித்து, முள் நீக்கிப் பை பையாக உறையவைத்த கிராப்பி அதில்தான் இருந்தது. தன் சாவுச் சாப்பாட்டுக்குத் தன் மீனைத்தான் பொரிக்கவேண்டும், கடை மீனைப் போட்டால் எழுந்து வந்துவிடுவேன் என்று அவர் ஊர் பூராவும் சொல்லிவைத்திருந்தார்.

முதலில் வாடை வந்தது. பிறகுதான் நடீன் சுவரைப் பார்த்தாள். ஃப்ரீசரின் வயர் தரையில் கிடந்தது. பிளக்கில் வெர்லனுடைய படகு பேட்டரியின் சார்ஜர், பச்சை விளக்கு எரிய, கடமையை முடித்த திருப்தியோடு செருகியிருந்தது.

புதன்கிழமை சாவுச் செய்தி கேட்டு வெர்லன் ஓடிவந்தபோது படகையும் இழுத்துக்கொண்டுதான் வந்தார். கல்யாண வீட்டுக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை நிறுத்தியதும் பேட்டரியைச் சார்ஜில் போட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, யோசிக்காமல் செய்கிற காரியம் அது.

"அண்ணி, எந்த வயரைப் பிடுங்கினேன்னு நான் பார்க்கல..." என்றார் பின்னால் வந்து நின்ற வெர்லன்.

நடீன் திட்டியிருந்தால் வெர்லனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குப் பதில் பேசத் தெரிந்தவர். அவள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் அடக்கம்" என்றாள் கடைசியில். "சாப்பாட்டுல ஒரு தட்டாவது நம்ம ஏரி மீன் இருக்கணும்."

"ஒரு தட்டா? அண்டா நிறையக் கொண்டுவரேன் அண்ணி."

"அண்டா வேணாம். தட்டு போதும்."

அண்ணன் மகள் டீட்ரா வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "சித்தப்பா, அப்பா படகு கரையிலதான் கட்டிக் கிடக்கு. தூண்டிலெல்லாம் அப்படியே இருக்கு. அதுல போலாமே, நானும் வரேன்."

"உங்கப்பா படகுல ஏறுனா எனக்குத் தூக்கம் வரும்" என்று வெர்லன் தன் ஒற்றைத் தூண்டிலை எடுத்துக்கொண்டு தன் படகில் புறப்பட்டார்.

முட்டையிட்டு முடித்த கிராப்பி, கரையோர மரங்களை விட்டு நடு ஏரிக்குப் போய்விட்டிருந்தது. இது அந்த ஏரியில் எல்லாருக்கும் தெரியும். வெர்லனுக்கும் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய தண்ணீரில் ஒற்றைத் தூண்டிலை எங்கே போடுவது? அதனால் அவர் மீன் இல்லாத மரங்களுக்கே போனார். முதல் மரம் அவருடைய தூண்டில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது மரம் முள்ளோடு ஈயக் குண்டையும் வாங்கிக்கொண்டது. மூன்றாவதில் ஒரு மீன் அகப்பட்டது. சட்டம் சொல்லும் நீளத்துக்கு விரற்கடை குறைவு. அளவுப் பலகையில் கிடத்தி, வாலை நீவி, மூன்று முறை பார்த்தார். மீன் நீளவில்லை.

நாலு நாலு தூண்டிலை நீட்டியபடி ஒரு கிழத் தம்பதி மெல்லப் பக்கத்தில் வந்தார்கள்.

"கிடைக்குதா வெர்லன்?" என்றார் கிழவர்.

"இப்பத்தான் ஆரம்பிச்சேன்" என்றார் காலையிலிருந்து அங்கேயே இருந்த வெர்லன்.

"எங்களுக்கு மீன்பெட்டி நிறைஞ்சிடுச்சு. ஹாய்ட் வீட்டுக்குன்னா கொஞ்சம் தரட்டுமா?"

"டாக்கெட் வீட்டுச் சாவுக்கு டாக்கெட் பிடிச்ச மீன்தான்."

கிழவி கணவரின் தோளைத் தட்டினாள். படகு நகர்ந்தது.

இருட்டும் நேரத்தில் வெர்லன் அண்ணன் வீட்டுக்கு வந்து மீன்பெட்டியைச் சமையல்கட்டில் வைத்தார். நடீன் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஐஸ் நல்லா இருக்கு" என்று சொல்லி மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோது அவர் கரைக்குப் போனார். டீட்ரா அவருக்கு முன்பே வந்து ஹாய்ட்டின் படகில், பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் இரைக்கு ஒரு வாளி மீன்குஞ்சு.

"ஏறுங்க சித்தப்பா. பேட்டரி ராத்திரியே சார்ஜ் பண்ணிட்டேன். வேற பிளக்குல."

வெர்லன் ஏறினார். ஒற்றைத் தூண்டிலோடுதான் ஏறினார். டீட்ரா அதைப் பார்த்தாள். பின்மோட்டாரைப் போட்டு நடு ஏரிக்கு ஓட்டிப்போய் நிறுத்தினாள். வெர்லன் முன்னிருக்கையில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டார். இடம் மாற்றிப் போட்டார். ஆழம் மாற்றிப் போட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, நான் போய் அம்மாவுக்குக் கறுப்பு கவுன் எடுத்துக் குடுக்கணும். நேரமாகுது."

"தெரியும்."

"அப்பா இங்கதான்..."

"தெரியும்னு சொன்னேன்ல."

தண்ணீர் படகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. டீட்ரா ஃபிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டு, இருக்கையோடு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

வெர்லன் தன் தூண்டிலைச் சுற்றிக் காலடியில் வைத்தார். அண்ணனின் முதல் தூண்டிலில் ஒரு குஞ்சைக் கோர்த்தார். பிறகு அடுத்தது. நாலையும் தாங்கிகளில் செருகி, நுனிகள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கும்படி நீட்டினார். இருக்கை அவருக்கு ரொம்பத் தாழ்ந்திருந்தது. முழங்கால் நெஞ்சில் இடிக்க அப்படியே உட்கார்ந்து, முன்மோட்டாரைப் போட்டார்.

படகு போகிறதா என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது தூண்டிலின் நுனி குனிந்து தண்ணீரைத் தொட்டது. பிறகு நாலாவது.

"வேகம் கூட்டணுமா சித்தப்பா?" என்றாள் டீட்ரா, திரும்பாமல்.

"வேணாம். இதே போதும்."

மோட்டாரின் வேகக் குமிழ் புதன்கிழமை ஹாய்ட் திருப்பிவைத்த இடத்திலேயே இருந்தது. வெர்லன் அதைத் தொடாமல், கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குஞ்சை எடுத்தார்.