மாவு இன்னும் புளிக்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. நேற்றுச் சாயங்காலம் சபை மூப்பர் ஹைரான் வாசலில் நின்று, "மாவு பிசைஞ்சாச்சா, அக்மத்?" என்று கேட்டார். "பிசைஞ்சாச்சு மூப்பரே, புளிக்கத்தான் மாட்டேங்குது" என்றேன். அப்போது நான் மாவில் கையே வைத்திருக்கவில்லை.

இப்போது பிசைந்துவிட்டேன். துணி போட்டு மூடியாயிற்று. மாவு பொங்குகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை கிடையாது, அதனால் எழுதுகிறேன். என் பிறந்த வீட்டில் திராட்சரசம் விற்றார்கள். எந்தத் தோட்டம், எந்த அறுவடை என்று ஜாடிக் கழுத்தில் எழுதுவது என் பாடு. அப்படி வந்த எழுத்து இது. தாளுக்கு நான் எங்கே போவேன்? உடைந்த ஜாடிச் சில்லுகள் முற்றத்து மூலையில் குவிந்து கிடக்கின்றன. அடுப்புக்கரியைக் குழைத்தால் மை. சில்லில் இடம் தீர்ந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். அதற்கு என்னைத் திட்டாதீர்கள், ஜாடியைத் திட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார். சூரியன் வந்ததும் அவர் போக வேண்டும். போகும்போது கையில் ரொட்டி கொடுக்க வேண்டும். அந்த ரொட்டியை நான்தான் சுட வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அந்தியோக்கியாவுக்குப் போகும் சாலையில் தேவனுடைய தூதர் ஒருவர் நடந்து வந்தார். அவர் முகம் ஒளி வீசி—"

(வேண்டாம். முகத்தில் புழுதிதான் இருந்தது. மூக்குத் தோல் வேறு உரிந்திருந்தது.)

இரண்டாவது:

"ஒரு பெண் தன் கணவனுக்காகப் பதினோரு வருஷம் காத்திரு—"

(இதுவும் வேண்டாம். காத்திருந்தாள் என்று எழுதினால் சும்மா உட்கார்ந்திருந்தவள் மாதிரி இருக்கிறது. நான் எங்கே உட்கார்ந்தேன்? ஒலிவக்காய் உலுக்கினேன், கூரைக்கு மண் பூசினேன், மாமனாரைக் குளிப்பாட்டினேன். ஏக்கம் என்பது இதற்கெல்லாம் நடுவில், கையில் மண்வாளி இருக்கும்போது வருவது.)

மூன்றாவது:

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். "சமாதானம், சகோதரி" என்றார் என் புருஷன்.

இது நிற்கட்டும். இப்படித்தான் நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் போதிக்கிற தூதர்கள் சபைப் பெண்கள் எல்லோரையும் சகோதரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் அப்படியே கூப்பிட்டு அவர் நாக்குக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பின்னால் சபையார் நாலைந்து பேர் நின்றார்கள், தூதர் வந்திருக்கிறார் என்று கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

"சகோதரியா? யாருக்கு?" என்றேன்.

"அக்மத்..."

"அட, பேரு ஞாபகம் இருக்கே! பரவாயில்லை. உள்ள வாங்க, காலைக் கழுவுங்க. சகோதரி தண்ணி கொண்டாறேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கீழே குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தார், அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அவர் அழுகிறார் என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது.

3

இந்த இடத்தில் கதையை நிறுத்திச் சட்டம் பேச வேண்டும். எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் இது இல்லாமல் மீதி விளங்காது.

சபைகளில் ஒரு முறை உண்டு. ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட தூதர் ஓர் ஊருக்கு வந்தால் ஒரு நாள் தங்கலாம். தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு. மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் அவன் கள்ளத் தூதன். போகும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்குமான ரொட்டி, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இதை யாரும் கண்டிப்பாகப் பார்த்ததில்லை. அப்புறம் ஒருத்தன் வந்தான். ஒரு மாசம் அசையவில்லை. ஜெபத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆட்டுக்குட்டி அடிக்கச் சொல்லி ஆவியானவர் சொல்கிறார்" என்பான். என் மாவுப் பானை தரை தட்டியது. கடைசியில் சபைக் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள்: "இனி யாரா இருந்தாலும் ரெண்டு நாள்! மூணாம் நாள் இருந்தா கள்ளன்தான். தேவதூதனே இறங்கி வந்தாலும் சரி!"

அந்த ஒருத்தி யாரென்று கேட்காதீர்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை அது. அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "யாரா இருந்தாலும்" என்று சொன்னபோது இந்த முகம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவதை விருந்தாளிக் கணக்கில் யார் சேர்ப்பா

4

(சில்லு தீர்ந்துவிட்டது. "சேர்ப்பார்கள்" என்று முடித்துக்கொள்ளுங்கள்.)

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று ஹைரானை எடுத்து வைத்துப் பார்த்தேன். சின்னக் கண், பெரிய தாடி, இரக்கமில்லாத குரல். இரண்டு வரி எழுதினேன், ஆள் நிற்க மாட்டேன் என்கிறான். ஹைரான் முயல் மாதிரி பயந்தவர். போன மழைக்கு என் மாமனாரை முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவனிடம் ஓடியவர். ஆகவே கெட்டவன் இல்லாமலே கதை நடக்கட்டும்.

நேற்று அவரோடு நடந்த பேச்சு இது.

"ரெண்டாம் நாள் பொழுதோட முடிஞ்சுபோச்சு அக்மத். எங்க அப்பா காலத்துலேருந்து சாயங்காலத்துலதான் அடுத்த நாள் தொடங்கும்."

"உங்க அப்பாவுக்கு. எனக்குச் சூரியன் வந்தாத்தான் நாளு."

தாடியைச் சொறிந்தார். "சரி, சூரியன் வரைக்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

"மூப்பரே, அந்தத் தூதர்ங்கிற பேரை இறக்கி வெச்சிட்டு இங்கேயே கூரை வேயட்டுமே. நல்லா வேய்வார்."

"இறக்கி வைக்க நாங்களா ஏத்தி வெச்சோம்? அந்தியோக்கியாவுல உபவாசம் இருந்து, தலையில கை வெச்சு அனுப்பினாங்க. அன்னிக்கு நீயும்தான் கூட நின்னே."

நின்றேன். அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாவி, பெருமையாக இருந்தது!

5

மாமனார் ஸபீதாவுக்குக் கண் தெரியாது. மகன் வந்ததும் கிழவர் முகத்தைத் தடவாமல் காலைத் தடவிப் பார்த்தார்.

"இது என் மகன் காலில்லை. அவன் காலு மெத்துன்னு இருக்கும். இது கழுதைக் குளம்பு."

"நான்தான்ப்பா, யர்ஹாய்."

"குரலை யாரு வேணா எடுத்துக்கலாம். அக்மத், சோறு நீ ஊட்டு. இந்த ஆளு வேண்டாம்."

கிழவர் என் கையைத் தவிர வேறு கையில் சாப்பிட மாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சில்லில் வேண்டும்.

நேற்று மாலை சபையாரோடு ரொட்டி பிட்டோம். முடியும்போது எல்லோரும் சேர்ந்து சொல்வோம்: "மாரநாதா!" எங்கள் தலைவனே, வாரும் என்று அர்த்தம். எங்கள் பேச்சில் ஆண்டவருக்கும் தலைவன்தான், வீட்டுக்காரருக்கும் தலைவன்தான். பதினோரு வருஷம் சபை முழுக்க ஒருவரைக் கூப்பிட்டது. நான் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். தேவன் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டில் ஒருவர் வந்துவிட்டாரே. நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அதைச் சொன்னேன். வந்தவரையே வா என்று கூப்பிடுவது என்ன வேதனையோ!

எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"இருந்துடுங்களேன்."

அவர் ஒலிவக்காயை உருட்டிக்கொண்டே இருந்தார். "உப்பு ஏரிக்கரையில ஒரு ஊரு. எல்லாரும் எங்கிட்டத்தான் ஞானஸ்நான முழுக்கு எடுத்தாங்க. பழைய கோயிலுக்குப் போறதை விட்டுட்டாங்க. இப்ப யாரும் அவங்க உப்பை வாங்குறதில்லை, பொண்ணு கொடுக்குறதில்லை. என் வார்த்தை ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் கள்ளன்னு சேதி போனா, அவங்க எடுத்த முழுக்கு வெறும் குளியல்னு ஆயிடும்."

"நான் யாரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்?"

கையிலிருந்த ஒலிவக்காயைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார். "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இந்தச் சாலையில வந்திருக்கேன். நம்ம அத்திமரம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் ஆத்தைத் தாண்டி அக்கரை வழியா சுத்திப் போயிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் குவளையை எறிந்தேன். (இந்தச் சில்லு அந்தக் குவளைதான்.)

"ஏன்? ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"ரெண்டு நாள் இருந்துட்டு எழுந்து போக முடியாதுன்னு பயம்."

"இப்ப மட்டும் முடியுமா?"

6

முடிவுகள். இருப்பதையெல்லாம் வரிசையாக வைக்கிறேன்.

முதலாவது. அடுப்பை மூட்டுகிறேன். ரொட்டி சுட்டுத் துணியில் கட்டுகிறேன். "சமாதானம், சகோதரி" என்கிறார். சாலை வளைகிற இடத்தில் திரும்பிப் பார்த்து

(பார்ப்பாரா? பார்த்தாலும் தாங்காது, பார்க்காவிட்டாலும் தாங்காது. இதை எழுத மாட்டேன்.)

இரண்டாவது. மூட்டவில்லை. ரொட்டி இல்லாமல் தூதரை அனுப்பவும் முடியாது. சூரியன் ஏறுகிறது. அவர் இருந்துவிடுகிறார். சபை அவரோடு பந்தியில் உட்காராது. இருக்கட்டுமே, நான் உட்காருவேன். கூரை வேய்வார், சாயங்காலம் வீட்டுக்கு வருவார். சாப்பிடும்போது கிழக்கே, உப்பேரி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார். நான் பார்க்காத மாதிரி இன்னொரு ரொட்டி வைப்பேன். இந்த முடிவு எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

மூன்றாவது. நானும் கூடப் போகிறேன். மனைவியோடு நடக்கிற தூதர்கள் உண்டு, குற்றமில்லை. ஆனால் கிழவரின் வாய்? நான் போன மூன்றாம் வேளையே அவர் பட்டினியில் கிட

நான்காவது இல்லை. யோசித்துப் பார்த்தேன், இல்லவே இல்லை.

நீங்கள் கெட்டிக்காரர், கண்டுபிடித்திருப்பீர்கள். கதையை முடித்தால் அடுப்பை மூட்ட வேண்டும். அதனால்தான் இத்தனை தொடக்கம், இத்தனை முடிவு. நான் எழுதுகிற வரைக்கும் அவர் உள்ளே இருக்கிறார். பதினோரு வருஷத்தில் எழுத்து எனக்குச் செய்த ஒரே உபகாரம் இது.

7

இன்னொரு சில்லு எடுக்க எழுந்தேன். கதவோரம் அவர் செருப்பு கிடந்தது. இடது செருப்பின் வார் இரண்டாகக் கிடந்தது.

நடந்து தேய்ந்து அறுந்த வார் நார் நாராய் நிற்கும். இது வெட்டு. பக்கத்திலேயே என் வெங்காயக் கத்தி.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர் தூங்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நான் அடுப்பு மூட்டுகிற சத்தம் வராமல் இருக்குமா, வந்துவிடுமா என்று கேட்டுக்கொண்டு கிடக்கிறார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் குதிக்கத் தோன்றியது. ஆண்டவரே, நான் மட்டும் இல்லை! அவருக்கும் அதே ஏக்கம்தான்! அப்புறம்தான் உறைத்தது. இத்தனை நேரம் போவது அவர் பாடு, மறிப்பது என் பாடு என்று இருந்துவிட்டேன். அவர் கையை விட்டுவிட்டார். இப்போது உப்பேரிக்கரைச் சனங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான், அவர்கள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ஜாடிக் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து வாரை முடிந்து வைத்தேன். முடிச்சை இறுக்கிப் போட்டேனா, ஒப்புக்குப் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

வாசலில் இருமல் சத்தம். ஹைரான்.

"அக்மத், மாவு?"

"இன்னும் புளிக்கலை மூப்பரே."

அவர் திரும்பிப் போகவில்லை. வாசற்படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. "அவசரமில்லை. நான் மேற்கே பார்த்துத்தான் உக்காந்திருக்கேன். சூரியன் வந்துச்சா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்? நீ சொல்லு, அப்ப எந்திரிக்கிறேன்."

அவரும் என்னிடமே விட்டுவிட்டார். சூரியன் முதலில் விழுகிற அத்திமரத்து உச்சி இலைகளை நானும் பார்க்கவில்லை, சில்லைத்தான் பார்க்கிறேன். இதுவே கடைசிச் சில்லு. ஓரத்துக்கு வந்துவிட்டேன், எழுத்தைப் பொடியாக்கி எழுதுகிறேன்.

குப்பைமேட்டில் இதைப் பொறுக்கிப் படிக்கிறவரே, மாவுத் தொட்டி என் இடது பக்கம் இருக்கிறது. துணியை நான் தூக்கிப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். நீங்கள் தூக்கிப் பாருங்கள். பொங்கியிருந்தால் சொல்லுங்கள், எழுந்து அடுப்பை மூட்டுகிறேன்.

கொஞ்சம் மெதுவாகத் தூக்குங்கள்.