ஜெபச் சங்கிலி

மூத்தவள் காலையில் அனுப்பிய ஜெப விண்ணப்பம் மதியத்துக்குள் அவளிடமே திரும்பி வந்தது.

அப்போது அவள் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் பலகையின் மேல் போன் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அதிர்வும் ஓர் ஆமென். சபையின் ஜெபக்குழுவில் அதுதான் வழக்கம். யாராவது ஒரு தேவையை எழுதினால், படித்தவர்கள் ஆமென் என்று போட்டுவிட்டுத் தங்களுக்குத் தெரிந்த ஐந்து பேருக்கு அதை அனுப்ப வேண்டும். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து. ஜெபச் சங்கிலி என்று அதற்குப் பெயர் வைத்தது பாஸ்டரம்மா. விண்ணப்பம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் அவருடைய கண்டிப்புதான். என்ன தேவை, எந்த இடம், எப்போது என்று எழுதினால்தானே ஜெபிக்கிறவர்கள் அந்த வேளையில் முழங்காலில் நிற்க முடியும்? மொட்டையாக எழுதுகிறவர்களைக் குழுவிலேயே வம்புக்கு இழுப்பார்: "என்னம்மா, ஆண்டவருக்கே விலாசம் சொல்ல மாட்டேங்கிற?"

அதனால் மூத்தவள் தெளிவாகவே எழுதியிருந்தாள். தன் தங்கை, கணவனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள். பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கண் ஆஸ்பத்திரியில் இன்று காலை வேலைக்குச் சேர்கிறாள். பயமில்லாமல் வேலை செய்ய அவளுக்காக ஜெபியுங்கள். பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாமல் விட்டதே போதும் என்று நினைத்துவிட்டாள்.

தெரியாத எண்ணிலிருந்து வந்த செய்தியைத் திறந்தபோது முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய வரிகள்தான், அவள் போட்ட எழுத்துப் பிழையோடு. பல கை மாறி வந்தது என்பதற்கு அடையாளமாக மேலே இரட்டை அம்புக்குறி. வழியில் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர், ஜெபிக்கிறவர்களுக்கு ஆள் தெரிய வேண்டுமே என்று, "கோயிலில் ஆர்கன் வாசித்த ஐயாவின் இளைய மகள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அதற்கும் கீழே ஒரே ஒரு சொல். ஆமென்.

நன்றி சொல்லலாம் என்று விரலை வைத்தவள், பெயர் பார்ப்பதற்காக அந்த எண்ணின் வட்டப் படத்தைப் பெரிதாக்கினாள். பைக் டேங்கின் மேல் ஒரு பச்சை ஹெல்மெட். அதன் நெற்றியில் வெள்ளைச் சிலுவை ஒட்டியிருந்தது.

அந்த ஹெல்மெட் பட்டுத்தான் இளையவளின் மணிக்கட்டு முறிந்தது.

கால் தானாக மெஷினின் மிதியை அழுத்தியது. ஊசி துணியில்லாத இடத்தில் ஓடி ஒடிந்தது.

தங்கையின் கணவன் இரண்டு முறை இந்த வீட்டுக்கு வந்து தேடிவிட்டுப் போனவன். கட்டிலுக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், குளியலறையில் என்று ஓரிடம் விடாமல் பார்த்தான். போகும்போது மட்டும் மரியாதையாக, "உங்களுக்காகவும் ஜெபம் பண்றேன் அண்ணி" என்று சொன்னான்.  அதற்குப் பிறகு மூத்தவள் தங்கை தங்கியிருந்த பெண்கள் விடுதிப் பக்கம்கூடத் தலைகாட்டவில்லை. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, அவளே தட்டில் வைத்து நீட்டிவிட்டாள்.

முதல் வேலையாகத் தான் எழுதியதைக் குழுவிலிருந்து அழித்தாள். அழித்தபின்தான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. அவளுடையது போனது. ஐந்தைந்தாகப் பிரிந்து போனதெல்லாம் இப்போது யார் யார் கையிலோ. தங்கையின் போன் அணைந்திருந்தது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்று கண்ணாடிக்கு ஒன்றை அழுத்து, ஆபரேஷனுக்கு இரண்டை அழுத்து என்று நிதானமாகப் பாடம் நடத்தியது. எந்த எண்ணை அழுத்தினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கணவனைக் கூப்பிட்டாள். எலக்ட்ரீஷியன், எங்கோ ஒரு கட்டடத்தில் ஏணி மேல் நின்றிருந்தான். திட்டுவான் என்று பயந்தாள். அவன் திட்டவில்லை. நீ நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆளோடு வருகிறேன் என்று மட்டும் சொன்னான். மெஷினைக்கூட மூடாமல் அவள் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஏறியதும் பாஸ்டரம்மாவுக்குச் சொன்னாள்.  பாஸ்டரம்மா அழுதுவிட்டார். அவனுடைய அம்மா வேறொரு சபையில் உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போகிறவர், மருமகள் திரும்பி வர வேண்டும் என்று கண்ணீர் விட்டு மன்றாடுகிறவர், அவர் கைக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். அழுகைக்கு நடுவிலேயே அவருக்கு வழியும் தோன்றிவிட்டது.

"நீ கலங்காதம்மா. இப்பவே குரூப்புல போட்டு எல்லாரையும் ஜெபிக்கச் சொல்றேன்."

"வேண்டாம்மா. உங்க கால்ல விழறேன், ஒண்ணுமே போடாதீங்க."

தன் வாயால் ஜெபத்தை வேண்டாம் என்று சொன்னது அவளுக்கே திக்கென்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குள் ஜெபிக்கப் பார்த்தாள். ஆண்டவரே, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற... என்று ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டாள். யாரோ ஒட்டுக்கேட்பது போலிருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. முன்பின் தெரியாத ஒரு சகோதரி, எங்கிருந்தோ, ஆமென் என்றார். எண்ணை எங்கே பிடித்தார்களோ. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஒவ்வொரு பைக்கையும் அவள் கண்ணால் துழாவினாள். ஹெல்மெட் போட்டவர்களுக்கு முகம் கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே, அவன் பைக் நின்றது. டேங்கின் மேல் ஹெல்மெட் இல்லை. காவலாளி வயதானவர், பேட்டரி போன டார்ச் போல ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சீட்டு இருந்தால் உள்ளே போகலாம் என்றார். சீட்டு வாங்க ஒருவனுக்குக் கண் கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பரிசோதனைக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கண்களை மூடியிருந்தார்கள். கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டால் அப்படித்தான் இருக்க வேண்டும். கையில் ஆளுக்கொரு பஞ்சு. ஆராதனையில் ஜெபிக்கிற கூட்டம் போலவே இருந்தது. மூன்றாவது வரிசையில், மடியில் பச்சை ஹெல்மெட்டோடு, அவனும் கண் மூடி உட்கார்ந்திருந்தான். முகத்தில் அவசரமே இல்லை. ஒரு சுற்று மருந்து விட்டாகிவிட்டது போலிருக்கிறது, கன்னத்தில் ஈரம்.

அதே வரிசையின் மறுகோடியில் இளையவள் வந்துகொண்டிருந்தாள். நீலச் சீருடை, தலைக்குத் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் உறை. நடையை வைத்துத்தான் மூத்தவள் அடையாளம் கண்டுகொண்டாள். இது இரண்டாவது சுற்று; முதல் சுற்றை வேறொரு நர்ஸ் விட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் குனிந்து, கீழிமையை இழுத்து, மருந்து விட்டுக்கொண்டு வந்தாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, கண்களை மட்டும்தான் பார்த்தாள்.

கத்தலாம். கத்தினால் அவனுக்குக் குரல் தெரியும். காவலாளியை இழுத்து வரலாம். அதற்குள் தங்கை அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுவாள். இளையவள் வரும் பக்கத்தில், அவனை ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மூத்தவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி போய் அதில் உட்கார்ந்தாள். அவனுடைய முழங்கை அவள் சேலையில் உரசியது. ஹெல்மெட்டின் வியர்வை நெடி மூக்கில் ஏறியது.

இளையவள் வந்து குனிந்தாள். பேசாமலேயே, மேலே பார்க்கும்படி விரலை உயர்த்தினாள்.

விரல் பாதியிலேயே நின்றது. மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் அக்காவை அடையாளம் கண்டு சிரிக்கத் தொடங்கின. மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்வையை மட்டும் பக்கத்து நாற்காலிக்குத் திருப்பினாள். இளையவளின் கண்களும் திரும்பின. முதலில் ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

விடவிருந்த சொட்டு மூத்தவளின் கன்னத்தில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் வாய் திறந்தான். கண் மூடியே இருந்தது.

"சிஸ்டர், இன்னைக்கு இங்க புதுசா ஒரு பொண்ணு வேலைக்குச் சேந்திருக்காமே?"

இளையவள் பேச முடியாது. மூத்தவளும் பேச முடியாது. அவனுக்கு இரண்டு குரலும் தெரியும். அவன் காத்திருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான், பதில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்பவன் போல.

அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார் போலும். அவரும் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "ஏன் தம்பி, எல்லாரும் மூஞ்சிய மூடிட்டு வர்றாங்க. நம்ம கண்ணையும் மூடிட்டாங்க. இதுல புதுசு எது, பழசு எது? எனக்கு மருந்து விட்டது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல."

இரண்டு மூன்று பேர் கண் மூடியபடியே சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் மறைவில் ஓடிவிடுவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். இளையவள் ஓடவில்லை. அக்காவின் இமையை இழுத்து, இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டாள். நடுவில் ஓர் ஆளைத் தாண்டிப் போனால் அந்த வித்தியாசம் அவன் காதுக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஓரடி நகர்ந்து அவன் முன்னால் நின்றாள்.

மருந்தின் எரிச்சலில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாமல், நீர் வழிய, மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உறை போட்ட கட்டைவிரல் அவன் கீழிமையைத் தொட்டது. அவன் கண் திறந்து மேலே பார்த்தான். விளக்கு வெளிச்சம் தாங்காமல் கண் சுருங்கித் துடித்தது. கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டு அவன் முகத்துக்கு நேரே இருந்தது. அவன் பார்த்தால் போதும். ஒரு சொட்டு. இன்னொரு கண்ணில் ஒரு சொட்டு. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான்.

இளையவள் அவன் கையில் பஞ்சை வைத்தாள். அடுத்து டிரைவர். அவரை அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஒருவரையும் விடாமல், வேகம் கூட்டாமல், வரிசையின் கடைசி வரை போனாள். கடைசியில் ஒரு கதவு இருந்தது. மூத்தவள் வெறுங்காலோடு பின்னால் போனாள். இளையவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மருந்துத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் இருந்த தலைமை நர்ஸ் என்ன ஏது என்று ஓடி வந்தார்.

"ஜெபக் குரூப்புல போட்டியா? உன்னாலதானாக்கா?" என்று இளையவள் கேட்டாள்.

மூத்தவள் தலையாட்டினாள்.  தங்கை அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

போலீஸ் வந்த சத்தம் கதவு வழியாகக் கேட்டது. அவன் குரல் உயரவே இல்லை. தான் ஒரு பேஷன்ட் என்றான், சீட்டைக் காட்டினான். என் மனைவியைப் பார்க்க வந்தேன், எத்தனையோ சபை எங்களுக்காக ஜெபிக்கிறது என்றான். இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவர் தயங்குவது அவருடைய பேச்சிலேயே தெரிந்தது. புகார் கொடுக்கிறவர் வந்து சொன்னால்தான் கூட்டிப்போக முடியும் என்றார்.

"நீ போகாத" என்றாள் மூத்தவள். "பின்வாசல் இருக்காம். மாமா வண்டி கொண்டு வந்திருக்காரு. வேற ஊருக்குப் போயிடலாம்."

"அங்கயும் எனக்காக ஜெபம் கேட்பியா?"

மூத்தவள் கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்தாள்.

"கேளுக்கா. கேக்காம இருக்காத. ஆனா என்னைக் கேட்டுட்டுக் கேளு."

இளையவள் எழுந்து மாஸ்க்கைக் கழற்றினாள். உதடு வெளுத்திருந்தது. தலைமை நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். இவர்தான் என்று அவள் சொன்னது மூத்தவளுக்குக் கேட்டது. குரல் இரண்டாக உடைந்திருந்தாலும் கேட்டது. அவன் அவள் பெயரைச் சொல்லி, மெதுவாக, இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு பூட்ஸ் சத்தம் வாசல் பக்கம் போனது.

அவனை ராத்திரியே விட்டுவிடவும் கூடும் என்று தலைமை நர்ஸ் பிறகு சொன்னார். இளையவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். இன்னும் ஒரு சுற்று மருந்து பாக்கியிருக்கிறது, அந்த டிரைவர் ஐயாவுக்கு முதலில் விட வேண்டும் என்று சொல்லி அவள் மாஸ்க்கை மறுபடி கட்டிக்கொண்டாள்.  தட்டில் புட்டிகள் கடகடவென்று ஆடின.

மூத்தவள் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. எழுத்தெல்லாம் கரைந்து வெள்ளைக் கறையாகத் தெரிந்தது. யார் ஆமென் சொல்கிறார்கள் என்று இனி மாலை வரை அவளால் படிக்க முடியாது. அதைத் திரை கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்தாள்.

கூடத்தில் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. நீல உருவங்கள் நாலைந்து, கண் மூடியவர்களின் வரிசைகளுக்கிடையே குனிந்தும் நிமிர்ந்தும் நகர்ந்துகொண்டிருந்தன. எது தங்கை என்று அவளுக்குத் தெரியவில்லை. நீலமாக அசைந்த ஒவ்வொன்றின் மேலும் கண்ணை வைத்து, உதடு அசையாமல், அவள் ஜெபிக்கத் தொடங்கினாள்.