மோட்டார் நம்பர்

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அமிர்தலிங்கத்தைப் பற்றி ஒன்றையேதான் சொன்னார்கள். குடும்பம் குடும்பம் என்றே கிடந்த மனுஷன். அது பொய்யில்லை. மனைவிக்குத் தலைவலி என்றால் அவரே அடுப்படியில் நின்று ரசம் வைப்பார். மகள் வானதி நன்னிலத்தில் டைப்பிங் முடித்து வரும் பஸ்ஸுக்கு, அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை, குடையோடு ரோட்டடியில் நின்றார். வெயிலானாலும் குடைதான், மழையானாலும் குடைதான். செத்தவரைப் புகழ்வது ஊர் வழக்கம் என்றாலும், இவர் விஷயத்தில் யாரும் மெனக்கெட்டு இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், அடுத்த வாக்கியத்திலேயே எல்லோரும் மகனிடம் வந்துவிட்டார்கள்.

"பிள்ளையும் அப்படித்தான். சென்னையில உக்காந்துக்கிட்டே அப்பனுக்கு மோட்டார் போட்டுவிட்ட பிள்ளை" என்றார் மன்னார்குடி மாமா. அமிர்தலிங்கத்தின் மனைவி அகிலாண்டத்துக்கு அண்ணன். "மச்சான் டீக்கடையில சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. என் பையன் ஆபீஸ்ல இருந்தே தண்ணி பாய்ச்சுறான், எனக்கு வரப்புல கால் வைக்கிற வேலையே இல்லன்னு."

மகன் இளஞ்செழியன் இலை போட்டுக்கொண்டிருந்தான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பந்தியின் மறுகோடிக்கு நழுவினான். அங்கேயும் அதே பேச்சுதான் ஓடியது.

மோட்டார் கொட்டகையில் அந்தக் கருவியை வாங்கி மாட்டியது அவன்தான். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். மும்முனை கரண்ட் வந்தாலும் போனாலும், பதிவு செய்த நம்பருக்கு அதுவே போன் அடிக்கும். அதை எடுத்தோ, நாமே அதற்குப் போன் செய்தோ ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். கொட்டகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இருட்டிலும் சேற்றிலும் அப்பா அங்கே போகக் கூடாது என்றுதான் வாங்கினான். மாட்ட வந்த ஆள் யார் நம்பரைப் போடுவது என்று கேட்டபோது, "எனக்கு அந்த ஒண்ணு ரெண்டெல்லாம் வராதுங்க, தம்பி நம்பரையே போடுங்க" என்றார் அமிர்தலிங்கம்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மோட்டார் அவனைக் கூப்பிடும். அவன் ஒன்றை அழுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு, "போட்டாச்சுப்பா" என்பான். அவர், சாப்பிட்டியா என்பார். பேரன் தூங்கிட்டானா என்பார். அவ்வளவுதான் பேச்சு.

போன வருஷம் ஒரு நாள் அவன் மேலதிகாரிகள் முன்னால் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது, ஊரில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. போன் விடாமல் அடித்தது. "யாருங்க, வீட்லயா?" என்று கேட்டு ஒருவர் சிரித்தார். மோட்டார் என்று சொல்ல இளஞ்செழியனுக்கு வெட்கமாக இருந்தது. மேஜைக்கடியில் வைத்து அந்த நம்பரை பிளாக் செய்தான். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். சாயங்காலம் நிம்மதியாக இருந்தது. மறுநாளும் இருந்தது.

அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பான். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவன்தான் பட்டும் படாமல், "மோட்டார்லாம் ஓடுதாப்பா?" என்பான். "அதெல்லாம் ஜோரா ஓடுதுப்பா. நீ வேலையப் பாரு" என்பார். மறந்துபோச்சு என்று இவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். மறக்கவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் குறுவைக்கு நாற்றங்காலில் விதை விட்ட மூன்றாம் நாள் விடியற்காலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறினால் முளைவிட்ட விதை மிதந்து ஒதுங்கிவிடும். அதை நிறுத்தப் போன அமிர்தலிங்கம் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்தார். மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் தலை மோதியது. ஆட்கள் பார்த்துத் தூக்கும்போதே உயிர் இல்லை.

மகன் போனில் நிறுத்துகிற மோட்டாருக்கு இவர் ஏன் போனார் என்று ஊர் கேட்டது. அகிலாண்டம் பதில் வைத்திருந்தாள். "நான்தாங்க பாவி. மாத்திரை போடலன்னு வாய்க்கு வந்தபடி கத்துனேன். கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

ஊர் நம்பியது. வானதியும் நம்பினாள். அன்றிலிருந்து அவள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா ஊற்றிய காபியைத் தொடவில்லை. இன்று காரியம் முடிந்ததும் கிளம்புவதாகப் பையைக் கட்டிக் கூடத்தில் வைத்திருந்தாள். இனிமேல் இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இளஞ்செழியன் அந்தப் பையைப் பார்த்தான். தான் செய்ததற்கு அம்மா மகளையும் இழக்கப்போகிறாள். அவன் அடுப்படிக்குப் போனான். அகிலாண்டம் தனியாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா கோவிச்சுக்கிட்டுப் போகல. நான் அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டேன். ஒரு வருஷமா மோட்டாரை நான் போடல, நிறுத்தல. அப்பாதான் நடந்திருக்காங்க."

அகிலாண்டம் கரண்டியை வைக்கவில்லை. "தெரியும்டா" என்றாள்.

"தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். தம்பிக்கு வேலை நெருக்கடி போலருக்கு, நீ எதுவும் கேட்டு வைக்காதன்னாங்க. ஆனா அந்த சிம்முக்கு மட்டும் மாசா மாசம் நன்னிலம் போய் ரீசார்ஜ் பண்ணிட்டு வருவாங்க. எடுக்காத பிள்ளைக்கு எதுக்குங்கன்னு கேட்டேன். என்னைக்காச்சும் எடுப்பான்னாங்க."

அவன் அடுப்பைத் தணித்தான்.

"உன் நம்பரைப் போடச் சொன்னதே அதுக்குத்தான்" என்றாள் அவள். "ஒண்ணு ரெண்டு அழுத்தத் தெரியாத மனுஷனா அவங்க? மோட்டார் சாக்குல தெனம் நீ ரெண்டு வார்த்தை பேசுவியேன்னு."

"பின்ன நீ ஏம்மா சண்டை போட்டதா சொன்ன?"

"உங்கப்பா என்னைக்குடா கோவிச்சுக்கிட்டாங்க, நான் சண்டை போட? ஏன் போனாருன்னு ஆளாளுக்கு நோண்டினா, கடைசியில உன்கிட்ட வந்து நிக்கும். அந்த மனுஷன் ஊரெல்லாம் உன்னைத் தூக்கி வச்சுச் சொன்னது பொய்யாப் போயிடும். நீ வாயத் தொறக்காத. பந்தியப் பாரு."

அவன் பந்தியைப் பார்க்கவில்லை. நேராக வாசல் பந்தலுக்கு வந்தான். வானதி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலிகளில் இருந்தார்கள்.

"வானதி, அம்மா மேல தப்பே இல்ல" என்றான். "சண்டையே நடக்கல. தப்பு என்மேல. மோட்டார் நம்பரை நான் பிளாக் பண்ணி வச்சிருந்தேன். அதனாலதான் அப்பா மழையில போனாங்க. அப்பாவைக் கொன்னது நான்."

போனை எடுத்து, பிளாக் செய்த நம்பர்களைத் திறந்து மாமாவிடம் நீட்டினான். அவர் அதைப் பார்க்கவேயில்லை. எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"போதும் மாப்ள. அம்மா பேர் கெடக் கூடாதுன்னு பழிய நீ தூக்கிப் போட்டுக்கிறியா? உன் மனசு எனக்குத் தெரியாதா?"

"இல்ல மாமா, நிஜமா."

"சும்மா இரு மாப்ள. மச்சான் பொய் சொல்ற ஆளா? போன மாசம்கூட என்கிட்ட சொன்னாரே."

அகிலாண்டம் வாசற்படியில் வந்து நின்றாள். "எனக்காகச் சொல்றான்ணே. விடுங்க" என்றாள்.

வானதி அண்ணனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். "அண்ணனே இவ்வளவு இறங்கி வருது. எனக்கு என்ன வீம்பு வேண்டிக்கிடக்கு" என்று அழுதுகொண்டே போய் அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அகிலாண்டம் அவள் முதுகைத் தடவினாள். மகளின் தலைக்கு மேலாக மகனைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

அப்போது சித்தப்பா மகன் ராம்கி கொல்லைப் பக்கமிருந்து வந்தான். இனி நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் அவன்தான். "அண்ணே, மேட்டூர்த் தண்ணி இன்னும் வந்து சேரல. நாளைக்கு நாத்துப் பறிக்கணும், நாத்தங்கால் காஞ்சு கெடக்கு. இத்தனை நாள் நானே போய்ப் போட்டேன், இன்னைக்குப் பந்தி வேலையில நகர முடியல. கொஞ்சம் மோட்டாரைப் போட்டுவிடுங்கண்ணே."

எல்லோரும் இளஞ்செழியனைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல வழியில்லை. தடையை எடுத்துவிட்டு அந்த நம்பரைக் கூப்பிட்டான். பதிவு செய்த குரல் பேசியது. ஒன்றை அழுத்தினான். கொல்லைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த ராம்கி, "தண்ணி கொட்டுதுண்ணே" என்றான். மாமா நாற்காலிக்காரர்கள் பக்கம் திரும்பி, "மச்சான் சொன்னது பொய்யா, இப்பப் பாத்துக்கங்க" என்றார்.

இளஞ்செழியன் கூடத்துக்குள் போனான். மாலை போட்ட படத்தின் முன்னால் அப்பாவின் பழைய பட்டன் போனை வைத்திருந்தார்கள். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"போட்டாச்சுப்பா."

மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா" என்று அவர் தழுதழுத்துச் சொல்வது உள்ளே கேட்டது. "அப்பன் போய்ச் சேந்த பிறகும் அவர்கிட்ட சொல்லாம ஒரு வேலை செய்ய மாட்டேங்குறான்."