கொஞ்ச நேரந்தான்

கூடத்தில் இருந்தவர்கள்: ஜெயசுதா, அவள் கணவனின் அண்ணன் நெடுமாறன், அவர் மனைவி தைலம்மாள், ஐஸ் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவன். பாயில் ஜெயசுதாவின் கணவன் பார்த்திபன். விடியற்காலையில் செத்துப்போயிருந்தான்.

நெடுமாறன் பெட்டியின் ஒயரைப் பிளக்கில் சொருகினார். மோட்டார் உறுமியது.

"பெட்டி வேணாம் மாமா," என்றாள் ஜெயசுதா.

"உம்பொண்ணு ஐதராபாத்லேர்ந்து வர நாளைக்கு ஆயிடும். இந்த வெயில்ல எப்பிடிம்மா வெக்கறது?"

"அப்ப மூடாம வைங்க."

"மூடினாத்தாங்க கூலிங் நிக்கும்," என்றான் பெட்டிக்காரன்.

"ஒரு வருசமா இந்த வூட்ல கதவே சாத்தல. தெருவுல இருக்கற ஆடெல்லாம் இவ சமையல்கட்லதான்," என்றாள் தைலம்மாள். "இப்ப பெட்டியையும் தொறந்து வெக்கணுமாம்."



போன வருஷம் சென்னையில் பார்த்திபனின் மூளைக்கட்டிக்குத் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பேச்சு வரும் இடத்தில் கட்டி. கத்தி வைத்தால் பேச்சு போகலாம். மண்டையைத் திறக்காமலே, கட்டிக்குள் ஊறும் ஒரு ரசாயனத்தைப் பார்த்து அதன் மரபணு மாறியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். மாறியிருந்தால் மெதுவாக வளரும். சில வருஷங்கள் கிடைக்கும்.

ஸ்கேன் குழாய்க்குள் போன சற்று நேரத்திலேயே பார்த்திபன், ஆளைக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி வெளியே வந்துவிட்டான். அங்கி வியர்வையில் நனைந்திருந்தது.

"முடியல சுதா. உசுரோட பொதைச்ச மாரி இருக்குது."

அவள்தான் கெஞ்சி மறுபடி அனுப்பினாள். "கொஞ்ச நேரந்தான். அசையாம படு." உலோகம் கூடாது என்றதால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை அசையாமலிருக்க அவன் முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டைப் பூட்டினார்கள். தலை அசையவில்லை. பாதம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்த மரபணு மாற்றம் இல்லை என்று வந்தது. வேகமாக வளரும் வகை.

பஸ்ஸில் சொந்த ஊர் செஞ்சிக்குத் திரும்பினார்கள். வீட்டு வாசலில் நின்று அவன் கேட்டான்: "இதத் தெரிஞ்சிக்கவா என்ன உள்ள வச்சி மூடின?" அதற்குப் பிறகு எந்தக் கதவையும் சாத்தவிடவில்லை.

"பொண்ணு வந்து அப்பன் மொகத்தப் பாக்க வேணாமா?" என்றாள் தைலம்மாள்.

திறந்த வாசலுக்கு வெளியே மலைப்பாறையில் வெயில் ஏறியிருந்தது.

"மூடுங்க," என்றாள் ஜெயசுதா.

பார்த்திபனைத் தூக்கிப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். கண்ணாடி மூடி இறங்கியது. ஜெயசுதா குனிந்து, "கொஞ்ச நேரந்தான்," என்றாள்.

தைலம்மாள் அவளைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப்போனாள். "சனங்க வந்துட்டா உக்காந்தே கெடக்கணும். அதுக்குள்ள ஒரு மணி நேரம் படு. ஆடு பூந்துடும், நான் வெளியே தாப்பா போட்டுக்கறேன்."

ஜெயசுதா மல்லாந்து படுத்தாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். தலையை அசைக்கவில்லை. கூடத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தைலம்மாள் கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.