அரை நிமிஷப் பேய்

பக்தவச்சலம் அன்று காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. எண்பத்து மூன்று வயது மனிதர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். காபியைக் குடிக்காமல் வைத்திருந்துவிட்டு, ஆறிப்போய்விட்டதென்று மகளிடமே சண்டைக்குப் போனார்.

"இன்னாப்பா, பொண்ணு பாக்கவா போற?" என்றாள் மைதிலி.

பெண்ணைப் பார்க்கத்தான் போகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. மைதிலி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலையில் போய்விட்ட தன் மனைவி யசோதாவை, இன்று மதியம் மகளின் ஆபீஸில், திரையில் பார்க்கப் போகிறார். மகளுக்கும் காட்டப் போகிறார். அவர்களுடைய ஆஸ்டின் டவுன் வீட்டில் யசோதாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கல்யாணத்தன்று எடுத்தது. அதிலும் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் வகிடும் மாலையும்தான் தெரியும். ஊரையெல்லாம் படம் பிடித்த மனுஷன் பெண்டாட்டியை ஒழுங்காக ஒரு படம் பிடித்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவரே தன்னிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கேள்வி அது.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்து, கோடம்பாக்கத்துக்கு ஓடிப்போய், 'தந்திரக் காட்சிகள்' என்று டைட்டிலில் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து போகும் பெயராக ஆனவர். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே தண்ணீர்த் தொட்டியில் கப்பலைக் கவிழ்த்தார். அட்டையில் அரண்மனை கட்டி எரித்தார். ஒரே கதாநாயகனை இரண்டு பேராக்கி, ஒருவன் கன்னத்தில் இன்னொருவனை அறைய வைத்தார். கைதட்டல் கதாநாயகனுக்குப் போயிற்று. பறக்கும் காட்சியில் கயிறு தெரிந்தால் மட்டும் எல்லோருக்கும் இவர் ஞாபகம் வந்தது. சினிமாவின் நியாயம் அவ்வளவுதான்.

இத்தனை செய்தவரின் பெயரில் ஒரே ஒரு கறை. ஒரு பேய்ப் படம். பேய் சுவருக்குள்ளிருந்து வந்து அறையைக் கடந்து போக வேண்டும், அரை நிமிஷம். முதலில் காலி அறையைப் படம் பிடித்து, கேமராவுக்குள்ளேயே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அதே ஃபிலிமில் கறுப்புத் துணிக்கு முன்னால் கதாநாயகியை நடக்கவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அந்த அம்மாளோ தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு வரவே இல்லை. மறுநாள் செட்டைப் பிரித்தாக வேண்டும். ஷூட்டிங் வேடிக்கை பார்க்க வந்திருந்த யசோதாவுக்கு வெள்ளைச் சேலையைக் கட்டி நிறுத்தினார். முதுகு தெரிந்தால் போதும் என்றுதான் பேச்சு. நடந்துகொண்டிருந்தவளை, "யசோதா, இங்க பாரு" என்று கூப்பிட்டது அவர்தான். அந்த நிமிஷம் அவர் ட்ரிக் மாஸ்டராக இல்லை. புதுப் புருஷனாக இருந்தார்.

'பேய்க்கு மட்டும் வேறு முகம்' என்று ஒரு பத்திரிகை கிழித்தது. இன்றைக்கும் பழைய சினிமா பேசும் யூட்யூப் பிள்ளைகள் பக்தவச்சலம் என்றதும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. வெளியே சொல்லக் கூடாதென்று தயாரிப்பாளர் சத்தியம் வாங்கியிருந்தார். பிறகு படமே காணாமல் போயிற்று. ஒரு பிரிண்ட்கூட எங்கும் இல்லை. இல்லாத படத்தில் உன் அம்மா இருக்கிறாள் என்று தாயில்லாப் பிள்ளையை ஏங்க வைப்பானேன் என்று மகளிடமும் சொல்லாமல் விட்டார்.

போன வருஷம் கோலார் பக்கம் ஒரு பழைய டாக்கீஸ்காரர் வீட்டுப் பரணில் ஒரு பிரிண்ட் கிடைத்தது. பழைய படங்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனிக்கு வந்தது. மைதிலிக்கு அங்கேதான் வேலை. அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. தந்திரத்தை முதலில் காட்டு, அப்புறம் வாயைத் திற என்பது அவருக்கு வேதம். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த முகம் திரும்பும் நேரம் பார்த்து, 'இதோ, உங்கம்மா' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வருஷமாக உயிரைப் பிடித்து வைத்திருந்ததே அதற்காகத்தான்.

ஆபீஸின் சின்னத் தியேட்டரில் அவரும் மைதிலியும், அவளோடு வேலை செய்யும் அஷ்வத்தும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். படம் பளிச்சென்று ஓடியது. அந்தக் காட்சி வந்தது. காலி அறை. சுவருக்குள்ளிருந்து வெள்ளைச் சேலை வந்தது. பக்தவச்சலம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பேய் நடந்தது, நின்றது, திரும்பியது.

கதாநாயகியின் முகம்.

மை தீட்டிய கண்ணும் மூக்குத்தியுமாக, சந்தேகமே இல்லை, அந்த அம்மாளேதான்.

"எப்டிப்பா?" மைதிலி குஷியாகத் திரும்பினாள். "இதுக்குத்தான் உன்கிட்ட மூச்சே விடல. வேற சீன்லேர்ந்து அவங்க மூஞ்சிய எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமா நானே ஒக்காந்து வெச்சேன். இனிமே எங்கப்பா தப்பு பண்ணிட்டாருன்னு எவனும் சிரிக்க முடியாது."

"மூணு வாரம் சார். மேடம் அந்த ஷாட்ட வேற யாரையும் தொடவே விடல" என்றான் அஷ்வத்.

"பழசு இருக்குதாம்மா?" குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார்.

"ரீலா? அது பிசின் மாதிரி ஆயிருந்துச்சுப்பா. ஸ்கேன் பண்றப்பவே பிஞ்சி பிஞ்சி வந்துச்சு. தூக்கிப் போட்டாச்சு."

"கம்ப்யூட்டர்ல?"

"ஸ்கேன் ஃபைல் எல்லாம் போன வாரமே டெலீட் சார்" என்றான் அஷ்வத். "ஃபைனல் குடுத்ததும் அழிச்சிடணும்னு பார்ட்டி கண்டிஷன் போட்டிருந்தாங்க. பேக்கப்பும் கிடையாது."

காமாலை வந்தபோதாவது யசோதாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இப்போது ஓடுவதற்கும் இடமில்லை. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால்? பெற்ற தாயின் முகத்தைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டவளாக இவள் மீதி ஆயுளைக் கழிக்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டிய காலமெல்லாம் மூடி வைத்திருந்தார். இனி திறக்கவே வழியில்லை. தன்னைப் போல ஒரு முட்டாள் இந்த உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தார்.

"புடிக்கலையாப்பா?" மைதிலியின் முகம் வாடியது.

"நல்லா இருக்குதும்மா. ஒட்டுனதே தெரியல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டு அஷ்வத் டீ சொல்லப் போனான். பக்தவச்சலம் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு... முன்ன அதுல இருந்தவ. எப்டி இருந்தா?"

"அந்த எக்ஸ்ட்ராவா? மூணு வாரமா அவ மூஞ்சியத்தானே பாத்துகினு இருந்தேன்." மைதிலி யோசித்தாள். "சின்னப் பொண்ணுப்பா. பேய் மாதிரியே இல்ல. அதான் ஒரே பேஜாரு. திரும்பினதும் சிரிச்சிட்டா."

"சிரிச்சாளா?"

அது அவருக்கு மறந்தே போயிருந்தது. அவள் திரும்பியது ஞாபகம் இருந்தது. சிரித்தது ஞாபகத்தில் இல்லை.

"ஆமாப்பா. கேமராவப் பாத்துகூட இல்ல. பின்னாடி யாரோ நின்னுகினு இருந்திருப்பாங்க போல, அவங்களப் பாத்து. அந்தச் சிரிப்ப எடுக்கத்தான் ரொம்பக் கஷ்டமா போச்சு. உதட்டுல எடுத்தா கண்ணுல இருக்கும்." ஏதோ தோன்றி அவரைப் பார்த்தாள். "யாருப்பா அது?"

"யாரோம்மா" என்றார் பக்தவச்சலம். "இன்னொரு தடவ சொல்லு. எப்டி சிரிச்சா?"