நாகப்பன் இடுப்பில் இருந்த கவாத்துக் கத்தி

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வாசலில் நான் காவல் இருக்கிறேன். வெளியாள் யார் வந்தாலும் புத்தகத்தில் பெயர் எழுதி, ஆபீசில் உட்கார வைக்க வேண்டும். தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஆட்களிடம் மட்டும் நான் புத்தகத்தை நீட்டுவதில்லை. தெரிந்த முகம்தானே.

அன்று நாகப்பனையும் அப்படித்தான் விட்டேன். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவன், மகள் ரூபினியை டீச்சர் தூறலில் நிற்க வைத்துவிட்டார் என்று யாரோ போனில் சொல்ல, நேரே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். வகுப்புக்குள் போய் மேசையைத் தட்டி, சசிரேகா டீச்சரை வாய்க்கு வந்தபடி திட்டினான். பிள்ளைகள் அழுதார்கள். இடுப்பில் கவாத்துக் கத்தி உறையோடு தொங்கியது.

ரூபினி நின்றது நனையாத தாழ்வாரத்தில். அது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

டீச்சர் ரிங்லெட் டவுன் போலீசில் புகார் கொடுத்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது நாகப்பன் வழிமறித்தான்.

"அண்ணே, கத்தி இல்லன்னு சொல்லிருங்கண்ணே. ஆயுதக் கேஸ்னா உள்ள தள்ளிருவாங்க. புள்ளைய யாரு பாப்பா?"

"இருந்துச்சே, நாகப்பா. பொய் எப்படி சொல்றது?"

"வேலைக்குக் கட்டுனதுண்ணே. இடுப்புல இருக்கறதே ஞாபகம் இல்ல."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அந்தக் கத்தியோடுதான் கடைக்கும் போவார்கள்.

ஸ்டேஷனில் கார்ப்பரல் சுப்பிரமணியம் கேட்டார். "கத்திய எடுத்தானா டீச்சர்?"

"எடுக்கல. கை அதுக்கிட்டயே போகல. அதையும் எழுதுங்க. ஆனா அவரு திட்டுனதுக்குக் குடுத்த புகார நான் வாபஸ் வாங்க மாட்டேன். என் பிள்ளைங்க முன்னாடி பேசுனாரு."

"நாந்தான் சார் எழுதாம உள்ள விட்டேன்," என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆயுதக் கேஸ் போடவில்லை. திட்டியதற்குக் கடுமையாக எச்சரித்து, இனி அனுமதி இல்லாமல் பள்ளிக்குள் கால் வைத்தால் கைது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் நாகப்பன் கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்தினான். கத்தியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். நான் புத்தகத்தை நீட்டினேன்.

"என்ன விஷயம்னு எழுதணும்."

"மன்னிப்புன்னு எழுதவாண்ணே?"

"எழுதுலா."

அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

"இன்னிக்கு வேணாண்ணே. அவரு பேசுனத இன்னும் மறக்க முடியல."

அப்படியே வந்து சொன்னேன். நாகப்பன் தலையாட்டினான். கத்தியை வாங்கிக்கொண்டு, புத்தகத்தில் போகும் நேரத்தையும் எழுதினான்.

"நாளைக்கு வந்து கேக்கறேண்ணே."