துமாரைத் தேடி வந்த கட்டில்

துமார் சிறுமியாக இருந்த நாள் முதல் அவளைக் கட்டிவைத்திருந்த விடுதியின் இரும்புக் கட்டில், அவளைத் திரும்பக் கூட்டிப்போக மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தது. கணவாயில் பனி உருகி வழி திறந்த வாரம் அது. எங்கள் கராபுலாக் ஊரில் ஆட்டுச் சந்தைக்குப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காலெல்லாம் சேறு அப்பி, தலைமாட்டில் துணிப்பட்டைகள் தொங்க, ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த வீட்டில்தான், அந்தப் பெரிய விடுதியிலிருந்து மீட்டு வந்த, துமார் உட்பட அறிவுசார் குறைபாடுள்ள நான்கு பேர், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் சைகாலின் துணையோடு தங்கள் சமையலைத் தாங்களே செய்து வாழ்ந்துவந்தார்கள். ஜன்னல் வழியே கட்டிலைப் பார்த்த துமார் பாவாடையை நனைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். நால்வரில் யாரோடும் பேசாத எர்மேக் கதவைச் சாத்தி முதுகால் அழுத்திக்கொண்டான்.

பக்கத்து வீட்டு ஜோல்தோஷின் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அதை ஏரியில் தள்ளினார்கள். பாசி தொங்கத் திரும்பி வந்தது.

"ஒருத்திய அனுப்பிடுங்க சைகாலக்கா. அது பாட்டுக்குப் போயிடும்" என்றார் ஜோல்தோஷ்.

"அப்புறம் மத்த மூணு பேரோட கட்டிலும் வரும். அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு ஒண்ணு வந்தா?"

அன்றிலிருந்து ஜோல்தோஷும் கதவைத் தாழிட்டுத் தூங்கினார்.

கோடையில் கட்டில் வேலியைத் தாண்டியது, பிறகு முற்றத்தை. சைகால் கோடரியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அது கதவை முட்டித் திறந்து முன்னங்கால்களை வீட்டுக்குள் வைத்தது. உள்ளிருந்து கதவை அழுத்திய எர்மேக்கின் பாதங்கள் தரையில் வழுக்கின. மேசைக்கு அடியிலிருந்து துமார் வெளியே வந்தாள்.

"சேத்துக் காலோட உள்ள வராத. அக்கா திட்டும்" என்றாள்.

கட்டில் நின்றது.

"நான் வரல. எங்கிட்ட வீட்டுச் சாவி இருக்கு. நீ அங்க போய் நில்லு."

அவள் முற்றத்து மரத்தடியைக் காட்டினாள். அது கால்களைப் பின்னால் எடுத்து, கிறீச்சிட்டுக்கொண்டே போய் நின்றது.

இந்த வருடம் அந்த வீட்டார் ஆப்ரிகாட் பழங்களை அதன்மேல்தான் காயப்போடுகிறார்கள். சில சமயம் அது வீட்டை நோக்கி ஓரடி எடுத்துவைக்கும். துமார் பழத்தை விட்டு நிமிர்வாள். "நில்லு" என்பாள். நின்றதும் பழங்களைத் திருப்பிப்போடுவாள்.